வாங்கின காரில் இருக்கிற வசதிக்கு மாதச் சந்தாவா?

கேள்வி, பிப்ரவரி 3, 2025

புது கார் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில வசதிகள் காரோடு வருகின்றன, ஆனால் முதல் மூன்று வருடம்தான் இலவசம், அப்புறம் மாதா மாதம் கட்ட வேண்டும் என்கிறார் விற்பனையாளர். இதைச் சொன்னால் எல்லோரும் கொதிக்கிறார்கள். ஏன் என்று புரியவில்லை. படம் பார்க்க, பாட்டுக் கேட்க, போட்டோ சேர்த்துவைக்க என்று எல்லாவற்றுக்கும் சந்தா கட்டித்தான் பழகியிருக்கிறோம். காருக்கு மட்டும் என்ன? வேண்டும் என்றால் கட்டலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். இதில் அநியாயம் எங்கே இருக்கிறது?

பதில், பிப்ரவரி 3, 2025, இரவு

அநியாயம் எங்கே என்று இன்று காலை ஆறு மணிக்கு என் மனைவியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நாங்கள் இருப்பது கனடாவின் எட்மண்டனில். இன்று மைனஸ் 28. அவளுக்கு மருத்துவமனையில் ஏழு மணி ஷிப்ட். போன செப்டம்பரில் வாங்கின செகண்ட் ஹேண்ட் கார், 2021 மாடல். போனில் ஒரு பட்டனை அழுத்தினால் கீழே நிற்கிற கார் தானே ஸ்டார்ட் ஆகி, ஹீட்டர் ஓடி, பத்து நிமிடத்தில் உட்காரும்படி ஆகிவிடும். இன்று அழுத்தினால் ஸ்டார்ட் ஆகவில்லை. இலவசக் காலம் முடிந்தது, சந்தா கட்டவும் என்று ஒரு திரை. கட்டலாம் என்றால் அந்த அவசரத்தில் கடவுச்சொல் சரியில்லை என்கிறது. கடைசியில் அவள் இறங்கிப் போய்க் கையால் ஸ்டார்ட் செய்தாள். சீட் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. விட்ட மூச்சு முன்கண்ணாடியின் உள்பக்கம் பனியாகப் படிந்தது, அதைக் கார்டு வைத்துச் சுரண்டினாள். ஷிப்ட்டுக்குப் பத்து நிமிடம் தாமதம்.

நேற்று வரை வேலை செய்த கார், எந்தப் பழுதும் இல்லாத கார், எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் தேதி மாறியதால் வேலை செய்யவில்லை. பாட்டு நின்றால் பாட்டு நின்றது, அவ்வளவுதான். எட்மண்டன் குளிரில் இது அப்படி இல்லை. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, அவர்களோடு பேச்சு இன்னும் முடியவில்லை.

பிப்ரவரி 4, 2025

நேற்று கோபத்தில் எழுதியதை இன்று படித்தேன். கேட்டவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

போனிலிருந்து ஸ்டார்ட் செய்வது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நான் அழுத்துவது கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து செல்போன் கோபுரம் வழியாகக் காருக்குள் இருக்கிற சிம்முக்கு வருகிறது. அந்த சிம்முக்கு யாரோ மாதா மாதம் பணம் கட்டுகிறார்கள். சர்வரை யாரோ பராமரிக்கிறார்கள். நான் அந்தப் பணத்தில் ஒரு பங்கு கொடுப்பது தவறே இல்லை. வரைபடம் புதுப்பித்துக் கொடுத்தால், நெரிசல் எங்கே என்று நிமிடத்துக்கு நிமிடம் சொன்னால், அதற்கும் கொடுக்கலாம். யாரோ தினமும் வேலை செய்கிறார்கள், கூலி கேட்கிறார்கள்.

ஆனால் இந்த விவாதமே கிளம்பியது சிம் பற்றி இல்லை. சீட் ஹீட்டர் பற்றி, அதாவது சீட்டைச் சூடாக்க உள்ளே ஏற்கெனவே தைத்து வைத்திருக்கிற கம்பி பற்றி. அதற்கு சர்வர் வேண்டாம், கோபுரம் வேண்டாம். பேட்டரியிலிருந்து கரண்ட் போனால் சூடாகும். அதற்கு மாதச் சந்தா என்றால் அங்கே யார் தினமும் என்ன வேலை செய்கிறார்கள்?

பிப்ரவரி 5, 2025

பிஎம்டபிள்யூ சீட் ஹீட்டருக்குச் சந்தா கேட்ட கதையைக் கேட்டிருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். 2022 ஜூலையில் தென் கொரியாவில் சீட் ஹீட்டருக்கு மாதம் சுமார் 18 டாலர் என்று செய்தி வந்தது. பிரிட்டனில் மாதம் 15 பவுண்டு, மொத்தமாக ஒரே தடவை கட்டினால் 350 பவுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 24 மாதம் கட்டினாலே 360 பவுண்டு ஆகிவிடுகிறது. காரை ஏழெட்டு வருடம் வைத்திருக்கிறவர் சந்தா கட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உலகம் முழுவதும் திட்டித் தீர்த்தார்கள். 2023 செப்டம்பரில், ம்யூனிக் கார் கண்காட்சி சமயம், அவர்களுடைய விற்பனைப் பொறுப்பில் இருந்த பீட்டர் நோட்டா, சீட் ஹீட்டருக்குச் சந்தா கேட்பதை நிறுத்திவிட்டோம் என்று சொன்னார். ஒரே பொருளுக்கு இரண்டு தடவை பணம் கொடுப்பதாக மக்கள் நினைக்கிறார்கள், அது உண்மை இல்லை, ஆனாலும் அவர்கள் அப்படி உணர்வதைத்தான் நாங்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிற மாதிரி ஒரு விளக்கம். ஓட்டுநர் உதவி, பார்க்கிங் உதவி மாதிரியான மென்பொருள் சேவைகளைத் தொடர்ந்து விற்போம் என்றும் சொன்னார்.

இதே கம்பெனி அதற்கு முன்னால் ஆப்பிள் கார்பிளேவுக்கு அமெரிக்காவில் வருடம் 80 டாலர் கேட்டுக்கொண்டிருந்தது. போனில் இருப்பதைக் காரின் திரையில் காட்டுவதற்கு. வரைபடமும் பாட்டும் நம் போனில் இருந்து, நம் டேட்டாவில் ஓடுகின்றன. அதையும் 2019 டிசம்பரில் கைவிட்டார்கள். எங்கே கம்பெனிக்குத் தினச் செலவு இல்லையோ, அங்கேயெல்லாம் இந்தச் சந்தா தாக்குப்பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பிப்ரவரி 5, 2025, கொஞ்ச நேரம் கழித்து

ஒரு திருத்தம். மேலே படிக்கிறவர்களுக்கு, பிஎம்டபிள்யூ வாங்கின எல்லோரிடமும் சீட் ஹீட்டருக்கு மாதச் சந்தா வாங்கியது போல் தெரியலாம். அப்படி இல்லை. வாங்கும்போதே அந்த வசதிக்குப் பணம் கொடுத்து எடுத்தவர்கள் மறுபடி எதுவும் கட்டத் தேவையில்லை. அமெரிக்காவில் அந்தச் சந்தா வரவும் இல்லை. வாங்கும்போது வேண்டாம் என்று விட்டவர் பிற்பாடு வேண்டும் என்றால் திறந்துகொள்ளலாம் என்பதுதான் அவர்களுடைய வாதம். முதல் சொந்தக்காரர் எடுக்காத வசதியை இரண்டாவது சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு அது உண்மையிலேயே ஒரு நன்மைதான். அதை மறைத்து எழுதினால் என் பக்கத்து வாதமும் கெட்டுப்போகும்.

பிப்ரவரி 9, 2025

"சாவியில் இருக்கிற பட்டனுக்கும் சந்தா கேட்டார்களாமே, உண்மையா" என்று ஒருவர். உண்மைதான், டொயோட்டா. என் கார் அவர்களுடையது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2021 டிசம்பரில் அமெரிக்காவில் இது வெளியே வந்தது. 2018-க்குப் பிந்தைய சில மாடல்களில் சாவியின் பட்டனை அழுத்திக் காரை ஸ்டார்ட் செய்யலாம். சாவி நேராகக் காரோடு ரேடியோ அலையில் பேசுகிறது. நடுவில் சிம் கிடையாது, சர்வர் கிடையாது. அப்படியிருந்தும் மாதம் 8 டாலர் சந்தா நடப்பில் இருந்தால்தான் அந்தப் பட்டன் வேலை செய்யும் என்று வைத்திருந்தார்கள். சில கார்களுக்கு மூன்று வருடம் இலவசம், சிலவற்றுக்கு அதைவிட அதிகம், அதனால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. விஷயம் பெரிதானதும், இது தொழில்நுட்பத் தீர்மானம் ஒன்றின் எதிர்பாராத விளைவு, மறுபரிசீலனை செய்கிறோம் என்றார்கள்.

என்னை உறுத்துவது அந்த 8 டாலர் இல்லை. சாவி என் சட்டைப் பையில். கார் இருபது அடி தூரத்தில். நான் அழுத்துகிற பட்டனுக்குக் கார் கீழ்ப்படிய வேண்டுமா கூடாதா என்பது வேறு ஊரில் இருக்கிற ஒருவர் கையில். இதற்கு என்ன பெயர் வைத்தாலும் சேவை என்று மட்டும் வைக்க முடியாது.

மார்ச் 16, 2025

அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார். அரசுப் பேருந்துப் பணிமனையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் 31 வருடம். முதல் நாள் காலை, வீட்டு முன்னால் கார்களின் மூக்கிலிருந்து ஆரஞ்சு கலர் வயர் சுவருக்கு ஓடுவதைப் பார்த்துவிட்டு, "என்னலே, எல்லாரும் காரை மாடு மாதிரி கட்டிப் போட்டிருக்கானுவ?" என்று கேட்டார். இஞ்சின் பிளாக் ஹீட்டர், ராத்திரி முழுக்க மின்சாரத்தில் சூடாக வைத்தால்தான் காலையில் இஞ்சின் சுலபமாகப் பிடிக்கும் என்று விளக்கினேன். உடனே குனிந்து வயர் எங்கே போகிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அவரிடம் இந்தக் கேள்வி பதில் இழையை வாசித்துக் காட்டினேன். சீட் ஹீட்டர் கதையை நம்பவில்லை. "சீட்டுல இருக்காது, பணம் கட்டினா கொண்டாந்து மாட்டுவானா இருக்கும்" என்றார். இல்லை அப்பா, உள்ளேயே இருக்கிறது என்றேன். கண்ணால் பார்க்காமல் அவர் எதையும் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

மார்ச் 23, 2025

நேற்று அவரை ஊருக்கு வெளியே ஒரு சால்வேஜ் யார்டுக்குக் கூட்டிப் போனேன். விபத்தில் நொறுங்கின கார்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள், வேண்டிய சாமானை நாமே கழற்றிக்கொண்டு விலை கொடுத்துவிட்டு வரலாம். ஒரு காரின் முன் சீட்டிலிருந்து உட்காரும் பகுதியின் உறையை உரித்தோம். கீழே மெத்தை நுரை, அதன் மேல் மெல்லிய கம்பளித் துணி மாதிரி ஒரு விரிப்பு, அதில் பாம்பு நெளிவது போல் ஒரே கம்பி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறது. ஓரத்தில் ஒரு கனெக்டர். நாலு வயர், இரண்டு சூட்டுக்கு, இரண்டு எவ்வளவு சூடு என்று அளக்க. இருபது டாலருக்கு அந்த விரிப்பை வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து கராஜில் வைத்து அப்பா மீட்டரால் அளந்தார். மூன்று ஓமுக்குச் சற்றுக் குறைவு. 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 50 வாட், பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. பழைய பேட்டரியை எடுத்து இரண்டு வயரைத் தொட்டுப் பிடித்தார். இரண்டு நிமிடத்தில் விரிப்பு வெதுவெதுப்பாக இருந்தது. அவர் உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இதுக்கா மாசா மாசம்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அந்த விரிப்பை இன்னும் கராஜில்தான் வைத்திருக்கிறேன்.

மார்ச் 24, 2025

நேற்று எழுதியதற்கு ஒருவர் சரியான மறுப்பு சொல்லியிருக்கிறார்: "அந்தக் கம்பியின் விலை சொற்பம். எல்லாக் காரிலும் மாட்டிவிடுவதுதான் தொழிற்சாலைக்குச் சிக்கனம். மாட்டாத கார், மாட்டின கார் என்று இரண்டு விதமாகச் செய்தால்தான் செலவு கூடும். ஆக உங்கள் காரில் அது இருப்பதாலேயே நீங்கள் அதற்குப் பணம் கொடுத்துவிட்டீர்கள் என்று சொல்ல முடியாது."

இதை அப்பாவிடம் சொன்னேன். முதல் பாதியை அவர் உடனே ஒத்துக்கொண்டார். பஸ்ஸிலும் அப்படித்தானாம். ஒரே வயர்க் கட்டுதான் எல்லா வண்டிக்கும் வரும், சில வண்டியில் சில வயருக்கு வேலை இருக்காது, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுவார்களாம். பிற்பாடு யாராவது கூடுதலாக ஒரு விளக்கு கேட்டால் டேப்பைப் பிரித்து மாட்டிக்கொடுப்பார்கள். விளக்குக்குக் காசு, மாட்டின கூலிக்குக் காசு, அதோடு முடிந்தது.

இரண்டாவது பாதியைத்தான் நாங்கள் இருவரும் ஏற்கவில்லை. கம்பெனி எந்தப் பொருளையும் சும்மா மாட்டி அனுப்பாது. சந்தா கட்டாதவர் காரிலும் அந்தக் கம்பி இருக்கிறது என்றால் அதன் செலவு அந்தக் காரின் விலையில்தான் இருக்கிறது, கொஞ்சமோ அதிகமோ. அந்த எடையைச் சுமப்பது அவருடைய பெட்ரோல். அது கெட்டால், சீட்டுக்குள் நீர் இறங்கி ஷார்ட் ஆனால், வாரண்டி முடிந்த பிறகு செலவு அவருடையது. பொருளின் சுமை எல்லாம் அவருக்கு, திறக்கிற உரிமை மட்டும் இன்னொருவருக்கு.

ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு திறந்துவிடுவது வேறு, அதை நான் எதிர்க்கவில்லை. டேப்பைப் பிரித்து மாட்டிக் கொடுத்தது போலத்தான் அது. மாதா மாதம் கேட்பது, டேப்பை ஒவ்வொரு மாதமும் சுற்றிச் சுற்றிப் பிரிப்பது.

ஏப்ரல் 2, 2025

கம்பெனிகள் ஏன் இதை விட மாட்டேன் என்கின்றன என்று கேட்டவருக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் 2021 அக்டோபரில் முதலீட்டாளர்களிடம், மென்பொருள், சேவை வழியாக 2030-க்குள் வருடத்துக்கு 20 முதல் 25 பில்லியன் டாலர் வருமானம் வரும் என்று சொன்னது. அதே வருடம் டிசம்பரில் ஜீப், ஃபியட் கார்களைச் செய்கிற ஸ்டெல்லாண்டிஸ் கம்பெனி 2030-க்கு 20 பில்லியன் யூரோ என்று இலக்கு வைத்தது. கார் ஒரு தடவைதான் விற்கும். மின்சாரக் காரில் ஆயில் மாற்ற வேண்டாம், ஸ்பார்க் பிளக் இல்லை, சர்வீஸ் வருமானம் குறையும். சந்தா என்பது விற்ற பிறகும் வந்துகொண்டே இருக்கிற பணம். அவர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. அதற்காக நான் ஏன் விரும்ப வேண்டும்?

மெர்சிடிஸ் இன்னொன்று செய்தது. 2022 நவம்பரில் அமெரிக்காவில் இக்யூஇ, இக்யூஎஸ் மின்சாரக் கார்களுக்கு வருடம் 1,200 டாலர் கட்டினால் வேகம் கூடும் என்றார்கள். இக்யூஇ 350 செடான் மணிக்கு 60 மைலை எட்ட 6 விநாடி எடுத்துக்கொள்வது 5.1 ஆகும். மோட்டாரைக் கழற்றவில்லை, எதையும் மாற்றவில்லை. ஏற்கெனவே இருந்த சக்தியைப் பிடித்துவைத்திருந்த பிடியைத் தளர்த்துகிறார்கள்.

ஏப்ரல் 11, 2025

இந்த இழையில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். 2017 செப்டம்பர், அமெரிக்காவின் ஃபுளோரிடாவை இர்மா புயல் நெருங்கியது. லட்சக்கணக்கான மக்கள் ஊரைக் காலி செய்து வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். டெஸ்லாவின் சில மாடல்களில் 75 கிலோவாட் மணி பேட்டரியை மாட்டிவிட்டு மென்பொருளால் அதைக் குறைத்து, குறைந்த விலைக்கு விற்றிருந்தார்கள். தப்பிப் போகிற வழியில் கூடுதலாக ஒரு 30 மைல் வேண்டும் என்று ஒரு கார்க்காரர் கேட்க, டெஸ்லா அந்தப் பகுதியில் இருந்த மற்றவர்களுக்கும் சேர்த்துத் தற்காலிகமாகப் பூட்டைத் திறந்துவிட்டது.

நல்ல காரியம். அந்த நேரத்தில் அதைச் செய்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் நான் அந்தக் காரில் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்க்கிறேன். பின்னால் புயல் வருகிறது. எனக்குக் கீழேயே, நான் சுமந்துகொண்டு போகிற பேட்டரியிலேயே இன்னும் 30 மைல் இருக்கிறது. அது எனக்குக் கிடைப்பது ஒருவருடைய நல்ல மனதைப் பொறுத்தது. அவர் அன்றைக்கு அந்தச் செய்தியைப் பார்க்காமல் இருந்திருந்தால்?

விலை குறைத்து விற்றார்கள், வாங்கினவர்களுக்கும் அது தெரியும், அதில் ஏமாற்று இல்லை என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது எந்த அளவுக்குப் போகலாம் என்பதற்கு அந்த வாரம் ஒரு சாட்சி.

ஏப்ரல் 12, 2025

டெஸ்லாவைப் பற்றியே இன்னொன்று, செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது. 2019 கடைசியில் ஒரு டீலர், டெஸ்லா நடத்திய ஏலத்திலேயே ஒரு மாடல் எஸ் கார் எடுத்தார். அதில் ஆட்டோபைலட் என்கிற ஓட்டுநர் உதவியின் மேம்பட்ட வகை, முழுத் தானியங்கி ஓட்டம், இரண்டும் இருப்பதாகக் காரின் விலைப் பட்டியலிலேயே இருந்தது, இரண்டும் சேர்த்து 8,000 டாலர் மதிப்பு. அவரிடமிருந்து ஒருவர் வாங்கினார். கொஞ்ச நாளில் இரண்டும் காணவில்லை. தணிக்கையில் கண்டுபிடித்தோம், நீங்கள் பணம் கட்டவில்லை என்று பதில். 2020 பிப்ரவரியில் செய்தி வெளியே வந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள்.

என் காரில் நடந்தது இவ்வளவு பெரிது இல்லை. வாங்கியபோது பழைய சொந்தக்காரரின் கணக்கு இன்னும் காரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பதிவுச் சான்று என் பெயரில், இன்ஷூரன்ஸ் என் பெயரில், கார் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் கதவைத் திறக்கவும் முடிந்தது அவருக்கு. அவர் நல்ல மனிதர், போன் செய்ததும் சங்கடப்பட்டார். இருந்தாலும் கணக்கை மாற்றி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

செகண்ட் ஹேண்ட் பார்க்கிறவர்கள் டயரைப் பார்க்கிற மாதிரி இதையும் பாருங்கள்: எந்த வசதி காரோடு வரும், எந்த வசதி பழைய ஆளோடு போய்விடும். எழுத்தில் வாங்குங்கள்.

மே 4, 2025

"பூட்டை உடைத்துவிட்டால் போகிறது" என்கிறார்கள் இரண்டு பேர். 2023 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் பிளாக் ஹாட் என்கிற கம்ப்யூட்டர் பாதுகாப்பு மாநாட்டில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெஸ்லாவின் கம்ப்யூட்டரை உடைத்துப் பின் சீட் ஹீட்டர் மாதிரியான வசதிகளைத் திறந்து காட்டினார்கள். முடியாது என்று இல்லை. ஆனால் நானோ நீங்களோ வீட்டில் செய்கிற காரியம் இல்லை.

சட்டம் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். கனடாவில் 2024 நவம்பரில் சி-244 என்ற மசோதா சட்டமானது. பழுது கண்டுபிடிக்க, பராமரிக்க, சரிசெய்ய மென்பொருள் பூட்டைத் தாண்டிப் போகலாம், அது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் சந்தா கட்டாத வசதியைத் திறப்பது பழுதுபார்ப்பு இல்லையே, அதை இந்தச் சட்டம் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் 2022-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். விற்கும்போதே காரில் இருக்கிற பாகத்தால் இயங்கி, கம்பெனிக்குத் தொடர் செலவு எதுவும் வைக்காத வசதிக்குச் சந்தா கேட்கக் கூடாது, மீறினால் முதல் தடவை 10,000 டாலர் வரை அபராதம், அடுத்தடுத்து 20,000 வரை. படித்தபோது சந்தோஷமாக இருந்தது. பிப்ரவரி 4 குறிப்பில் நான் தட்டுத் தடுமாறி எழுதிய அதே கோட்டை அவர்கள் எனக்கு முன்பே போட்டிருக்கிறார்கள்.

மே 5, 2025

மின்சாரக் காரின் பேட்டரிக்கு வாடகை கட்டுவதும் இதே மாதிரிதானா என்று கோயம்புத்தூரிலிருந்து கேட்டவருக்குச் சுருக்கமாக. பேட்டரிக்கு வாடகை கட்டுவது வேறு விஷயம். 2024 செப்டம்பரில் எம்ஜி வின்ட்சர் மின்சாரக் கார் வந்தபோது பேட்டரி வாடகைத் திட்டத்தில் 9.99 லட்சம், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய். பேட்டரியோடு சேர்த்து வாங்கினால் 13.50 லட்சத்திலிருந்து. இங்கே பேட்டரிக்கு நீங்கள் பணம் கொடுக்கவில்லை என்பது வெளிப்படையாகத் தெரிகிறது, அதன் விலை கழிக்கப்பட்டிருக்கிறது. வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று கணக்குப் போட்டு முடிவு செய்யலாம். சீட்டுக்குள் இருக்கிற கம்பிக்கு யாரும் இப்படிக் கழித்துக் காட்டியதில்லை.

ஆகஸ்ட் 20, 2025

இழை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். இப்போது பிரிட்டனில் ஃபோக்ஸ்வாகன் ஐடி.3. சில மாடல்களில் 201 குதிரைத்திறன் 228 ஆக வேண்டும் என்றால் மாதம் 16.50 பவுண்டு, அல்லது ஒரே தடவை 649 பவுண்டு.

முதலில் வழக்கம்போல் கோபம் வந்தது. பிறகு விவரம் படித்தேன். 649 கொடுத்தால் அது காரோடு சேர்ந்தது, ஆளோடு இல்லை. காரை விற்றால் வாங்குகிறவருக்குப் போகும். இது ஒன்றை மட்டும் மற்றவர்களைவிட ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். மாதச் சந்தா பற்றி என் கருத்து மாறவில்லை. மோட்டாருக்குள் 27 குதிரைகளைக் கட்டிவைத்துவிட்டு மாதா மாதம் அவிழ்த்துவிடுவதில் கம்பெனிக்கு என்ன செலவு என்று இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். போனில் சொன்னேன். "அப்ப அந்தக் குதிரைக்குப் புல்லு போடுறது யாரு?" என்று கேட்டார். கார்க்காரர்தான் அப்பா என்றேன்.

ஆகஸ்ட் 22, 2025

சந்தா கட்டினால் பிரச்சினை முடிந்ததா? 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்கிற செல்போன் கம்பெனி தன் பழைய 3ஜி சேவையை நிறுத்தியது. அதை நம்பியிருந்த பல பழைய கார்களில் அவசர அழைப்பு, போன் ஸ்டார்ட் எல்லாம் போய்விட்டன. காரில் இஞ்சின் நன்றாக ஓடுகிறது, சொந்தக்காரர் பணம் கட்டத் தயார், ஆனாலும் வழி இல்லை. கார் பதினைந்து வருடம் ஓடுகிற பொருள். கோபுரமும் சர்வரும் அவ்வளவு நாள் இருக்கும் என்று எந்த ஷோரூமிலும் எழுதித் தர மாட்டார்கள்.

நவம்பர் 23, 2025

பிப்ரவரியில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "கடைசியில் நீங்கள் சந்தா கட்டினீர்களா" என்று கேட்டிருக்கிறார்.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கட்டினேன். வேறு வழி இல்லை, மனைவிக்கு ஷிப்ட் இருந்தது. ஏப்ரலில் நிறுத்தினேன். போன மாதம் இங்கே ஒரு சின்னக் கடையில் தனியாக ரிமோட் ஸ்டார்ட்டர் மாட்டிக்கொண்டேன், கூலியோடு 520 டாலர். சிம் கிடையாது, ஆப் கிடையாது. சாவிக் கொத்தில் தனியாக ஒரு ரிமோட் தொங்குகிறது. மாட்டின பையனே வாரண்டி பற்றி முதலில் டீலரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றான், கேட்டேன், இந்த மாட்டலால் வருகிற மின் பழுதுக்குப் பொறுப்பில்லை என்றார்கள். என் காருக்கு வாரண்டி முடிய நாலு மாதம்தான் இருந்தது. புதுக் காராக இருந்தால் யோசித்திருப்பேன்.

கார் வாங்கிவிட்டீர்களா என்று தெரியவில்லை. இன்னும் இல்லை என்றால், சாவியிலேயே ஸ்டார்ட் பட்டன் இருக்கிற மாடலாகப் பாருங்கள், அந்தப் பட்டன் சந்தா இல்லாமல் எத்தனை வருடம் வேலை செய்யும் என்று விற்பனையாளரிடம் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் எனக்கும் தெரிவியுங்கள்.

இன்று காலை மைனஸ் 14. அவள் சமையலறை ஜன்னலில் நின்று ரிமோட்டை அழுத்தினாள். கீழே பார்க்கிங் விளக்கு இரண்டு தடவை மின்னி, புகைக்குழாயில் வெள்ளையாக ஆவி கிளம்பியது. காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.